எலிக்காரர் ஊருக்குப் போகிறார்

இங்கிலாந்தில் அடுத்த வீட்டுக்காரர் காரணமில்லாமல் கேக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார். அதிலும் ஜூலை மாதக் கடைசியில், பள்ளிக்கூடங்களைக் கோடை விடுமுறைக்கு மூடுகிற வாரத்தில், எலுமிச்சை கேக்கும் கையுமாக வாசலில் வந்து நின்றார் என்றால் சந்தேகமே வேண்டாம். அவர் வீட்டில் எலி இருக்கிறது.

சாக்கடை வழியாக வந்த எலி இல்லை. அதுவாக இருந்தால் நகரசபைக்குப் போன் போட்டிருப்பார். இது காசு கொடுத்து வாங்கி, பிஸ்கட், மஃபின் என்று பெயர் வைத்து, மாடிக் கூண்டில் தூளி கட்டி வளர்க்கிற எலி. லண்டன் புறநகரான ஹாரோவில் நான் குடியிருக்கும் தெருவில் நாய்க்காரர்கள் யார், பூனைக்காரர்கள் யார் என்று தபால்காரர் முதல் எல்லாருக்கும் தெரியும். எலிக்காரர் மட்டும் பதினோரு மாதம் சாதாரண மனிதராகவே நடமாடுவார். விமான டிக்கெட் வாங்கிய பிறகுதான் வெளிப்படுவார்.

வெளிப்படுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. "உங்களுக்குச் சின்னப் பிராணிகள் பிடிக்குமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"முயலா?"

"முயலைவிடக் கொஞ்சம் சின்னது."

"ஹாம்ஸ்டரா?"

"ஹாம்ஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிது."

இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால் நடுவில் ஒரே ஒரு பிராணிதான் மிஞ்சும். அதன் பெயரை நம் வாயால் சொல்ல வைத்துவிட்டு, "அட, உங்களுக்குப் பழக்கம் போலிருக்கிறதே!" என்று மகிழ்ந்துபோவார்.

ஒன்றுதானே என்று கேட்டுவிடக் கூடாது. முகம் சுருங்கிவிடும். எலி கூட்டமாக வாழ்கிற பிராணி; தனியாக ஒன்றை வளர்ப்பது கொடுமை என்று பிராணிகள் நலச் சங்கங்கள் சொல்கின்றன. குறைந்தது இரண்டு வேண்டும். எலிக்காரரிடம் நாலு இருக்கும். மூன்றில் ஒன்று செத்தால் மிச்சம் இரண்டு, அதில் ஒன்று செத்தால் தனிமை என்று கணக்குப் போட்டு நாலாவதை வாங்கியிருப்பார். இந்தத் தொலைநோக்கை அவர் பயணத் திட்டத்தில் காட்டியிருந்தால் கேக் செலவு மிச்சம்.

நாம் தயங்குவது தெரிந்ததும் சரித்திரத்தில் இறங்கிவிடுவார். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவன் என்று சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்ததில் நிறம் வித்தியாசமாக இருந்தவற்றைக் கொல்லாமல் இனம் பெருக்கிச் சீமாட்டிகளுக்கு விற்றது, 1901இல் மேரி டக்ளஸ் என்ற அம்மையார் கேட்டுக்கொண்டதன் பேரில் சுண்டெலி வளர்ப்போர் சங்கத்தார் தங்கள் கண்காட்சியில் எலிக்கும் இடம் கொடுத்தது, 1908இல் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்தையே செத்துப்போன தன் வளர்ப்பு எலி சாமிக்குக் காணிக்கையாக்கியது என்று வரிசையாக வரும். எலிக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் 1976 முதல் இயங்குகிறது. இவ்வளவு பெரிய பரம்பரைக்கு இரண்டு வாரம் தண்ணீர் வைக்க மாட்டீர்களா என்பதுதான் கேள்வி. பிள்ளையாரின் வாகனத்தைப் பற்றியும் எங்கேயோ படித்து வைத்திருப்பார். தமிழன் வீட்டு வாசலில் அதை எடுத்து விடாமல் இருப்பாரா?

வேறு ஆள் கிடைக்காமல்தான் நம்மிடம் வருகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாய் விடுதியில் விடலாமென்றால், சுற்றிலும் நாய் வாடை அடிக்கிற இடத்தில் எலிக்குச் சோறு இறங்குமா? பூனை இருக்கும் வீடுகள் பேச்சுக்கே இல்லை. சொந்த அக்காவைக் கேட்டால் வாலைக் காரணம் காட்டுவாள். மனித குலத்தில் பாதிப் பேர் எலியை வெறுப்பது அந்த மயிரில்லாத வாலுக்காகத்தான். எலி தன் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அந்த வால்தான் உதவுகிறது என்று எவ்வளவு விளக்கினாலும் அக்கா கேட்க மாட்டாள்.

இருப்பதிலேயே பெரிய வேடிக்கை, எலியை உயிராக நினைக்கும் இன்னொரு எலிக்காரரிடமும் ஒப்படைக்க முடியாது. எலிகளுக்கு மூச்சுக்குழல் நோய் சுலபமாக வரும், சுலபமாகப் பரவும். புது எலி வந்தாலே இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்கும் ஜாதி அது. ஆக, எலியைத் தொட விரும்புகிறவர் தொடக் கூடாது. விரும்பாதவர்தான் தொட வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் வீட்டு மணி அடிக்கிறது.

சம்மதித்த மறுநாள் கோப்பு வந்து சேரும். அட்டை போட்டு, தாள்களை லாமினேட் செய்து, ஒவ்வொரு எலியின் படத்தையும் ஒட்டிக் கொடுப்பார். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூட இவ்வளவு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

கோப்பில் முதலில் சாப்பாடு. எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகாதது உள்ளே போனால் வெளியே வராது. அதனால் எது கூடும், எது கூடாது என்பதில் மாமியார் வீட்டுக் கண்டிப்பு. ஆரஞ்சுத் தோல் பெண் எலிக்குப் பரவாயில்லை, ஆண் எலிக்குக் கூடவே கூடாது. தோலிலுள்ள லிமோனீன் ஆண் எலியின் சிறுநீரகத்தை மட்டும் குறிவைத்துக் கெடுக்குமாம். இதைப் படித்த பிறகு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வந்து மோப்பம் பிடிப்பது பிஸ்கட்டா மஃபினா என்று படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிறகு பொழுதுபோக்கு. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, உறைந்த பட்டாணியைப் போட்டு வைக்க வேண்டும். எலிகள் கையை விட்டு மீன் பிடிப்பதுபோல் பிடித்துத் தின்னும். நாளுக்கு ஒரு தடவை கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும். மூட்டினால் எலி சிரிக்கும். இது கட்டுக்கதை இல்லை, யாக் பாங்க்செப் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990களில் ஆராய்ந்து சொன்னது. சங்கடம் என்னவென்றால் அந்தச் சிரிப்பு சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். நம் காது எட்டுவது 20 வரைதான். நாம் செய்யும் கோமாளித்தனத்துக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. பட்டிமன்றப் பேச்சாளர்கள் சிலருக்கு இந்த நிலை பழக்கம்.

"பயப்பட வேண்டாம்" என்ற தலைப்பில் வருவதுதான் பயங்கரம். கண்ணிலும் மூக்கிலும் சிவப்பாக வழிந்தால் அது ரத்தமில்லை, போர்ஃபிரின் என்ற நிறமி. கவலையிலும் காய்ச்சலிலும் வரும். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கண்விழி வெளியே துருத்தி ஆடினால் வலிப்பு இல்லை, பரம சந்தோஷம். கையில் ஏறி நடந்துகொண்டே சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டால் நம்மைத் தன் சொத்தாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். ஆக, பார்த்தவுடன் அலறத் தோன்றுவதில் பெரும்பாலானவை நல்ல சேதி. பேசாமல் மூலையில் உட்கார்ந்து லேசாக மூச்சு இரைத்தால்தான் பெரிய ஆபத்து. அதற்கு எலி பார்க்கத் தெரிந்த வைத்தியரின் எண் கடைசித் தாளில் இருக்கும். எல்லா வைத்தியரும் எலி பார்க்க மாட்டார்கள். பார்க்கிறவர் ஒரு முறை தொட்டுப் பார்க்க வாங்கும் கட்டணம் எலியின் விலையைவிட அதிகம்.

மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பெரியம்மாவுக்கு இந்தக் கோப்பை மொழிபெயர்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏன்டா தம்பி, நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்சு எலி வளைய வெட்டுனா மரக்கா கணக்குல நெல்லு கெடைக்கும். அதுக்குக் கிட்டி வச்சுதான் பாத்துருக்கேன். பட்டாணி வச்சுப் பாத்ததில்ல. இந்தாளு வயலு வச்சுருக்காரா?"

"இல்ல பெரியம்மா."

"அதான் நெனச்சேன்" என்று எழுந்து போனார்.

எலிக்காரர் ஸ்பெயினில் கடற்கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கூண்டுக்கு எதிரே கேமரா வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அல்லவா, போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எலி ராத்திரி விழித்திருக்கும் பிராணி, பகலெல்லாம் தூளியில் கிடக்கும். அங்கே பகலில் பார்க்கிறவருக்கு நாலும் அசையாமல் தெரியும். உடனே செய்தி வரும்: "சிரமத்துக்கு மன்னிக்கவும், மஃபினை லேசாக ஒரு தட்டுத் தட்ட முடியுமா?" நாம் அடுத்த வீட்டுக்குப் போய்த் தட்டினால் மஃபின் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். அந்தப் பார்வையில் இருப்பது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

திரும்பி வந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் சமையலறைத் தராசை எடுப்பார். ஒவ்வொன்றாக நிறுப்பார். கூடியிருந்தால் என்ன கொடுத்தீர்கள் என்பார், குறைந்திருந்தால் என்ன கொடுக்கவில்லை என்பார். பிறகு விமான நிலையக் கடையில் வாங்கிய துர்ரோன் மிட்டாய் ஒரு பெட்டியும், எருது படம் போட்ட குளிர்பெட்டிக் காந்தமும் நம் கைக்கு வரும்.

இவ்வளவும் சொன்னாலும் எனக்கு எலிக்காரர் கட்சிதான். நாயைப் பணம் கட்டி விடுதியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களை இதே தெருவில் பார்க்கிறேன். எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருஷம். அதில் இரண்டு வாரம் என்பது எண்பது வயது மனிதனுக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாது. ஒரு வருஷம் வீட்டை விட்டுப் போகிறவர் நாலு தாள் எழுதி வைக்காமல், நாலு தடவை போன் பண்ணாமல் எப்படி இருப்பார்?

ஆகவே வாசகர்களே, ஜூலையில் கேக் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எலிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். அதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1950இலிருந்து எலியை உள்ளே விடாமல் காவல் காத்துவருகிறது. அங்கே வீட்டில் எலி வளர்ப்பது சட்டப்படி குற்றம். குளிர்தான் கொஞ்சம் அதிகம்.