பட்டையைக் காணோம்

அப்பாவும் அம்மாவும் கணக்கு வைத்திருக்கும் வங்கி தன் வலைத்தளத்தைப் புதுப்பித்துவிட்டது. எந்தக் கருவியில் திறந்தாலும் அதற்கேற்ப உருமாறிக்கொள்ளுமாம். ‘ரெஸ்பான்சிவ் டிசைன்’ என்று பெயர். 2010-இல் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதி இதைத் தொடங்கிவைத்தார். திரைக்குத் தக்க விகிதத்தில் விரியும் கட்டங்கள், கூடவே சுருங்கும் படங்கள், திரை எவ்வளவு அகலம் என்று விசாரித்துக்கொள்ளும் சில வரி நிரல், மூன்றே சரக்குதான். நல்ல யோசனை. கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குச் சென்னையிலிருந்து போனிலேயே வழி சொல்லும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கவில்லை.

“மேலே வலது பக்கம் லாகின் இருக்கும் பாருங்கப்பா.”

“லாகினும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டை போட்டிருக்கு.”

பட்டை என்றது அந்த மூன்று கோடுகளை. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த குறி அது. உலகம் அதை ஹாம்பர்கர் என்கிறது. தினமும் நெற்றியில் விபூதி இட்டுக்கொள்பவருக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

“அதையே அழுத்துங்க.”

“இரு, சாய்ஞ்சு உக்காந்துக்கறேன்… டேய், பட்டையைக் காணோம்! நீ என்ன பண்ணினே?”

நான் ஒன்றும் பண்ணவில்லை. அப்பாவிடம் இருப்பது பழைய ஐபேட். நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 768 பிக்சல், படுக்கவைத்தால் 1024. பல தளங்கள் சரியாக அந்த 768-இல்தான் கோடு கிழிக்கின்றன. இந்தப் பக்கம் இருந்தால் பட்டை, அந்தப் பக்கம் போனால் முழு மெனு. அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபோது ஐபேடும் சாய்ந்துவிட்டது.

அதற்குள் அம்மா தன் போனில் அதே தளத்தைத் திறந்து, “என்னோடதுல எல்லாம் கீழேன்னா இருக்கு” என்றாள். இது போதாதென்று அவள் தமிழைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானில் நம் சொற்கள் எங்கே அடங்கும்? “ ‘பரிவர்த்த’ன்னு மேலே ஒண்ணு, ‘னைகள்’னு கீழே ஒண்ணு. எதைடா அழுத்தணும்?”

முன்பு சின்னத் திரைகளில் முழுப் பக்கமும் எறும்பு எழுத்தில் அப்படியே வரும். இரண்டு விரலால் விரித்துப் படிக்க வேண்டும். கஷ்டம்தான். ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் வலது பக்கம் ஒரே இடத்தில் இருந்தது. வடிவமைப்பாளர்களோ, உலாவியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, கட்டங்கள் அழகாக நகர்கின்றனவா என்று பார்த்துப் பூரிக்கிறார்கள். பென்ஷன் வந்ததா என்று பார்க்க வருகிற ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

போன வாரம் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்று இருப்பதை டிக் செய்தால் பழையபடி முழுப் பக்கமும் பொடி எழுத்தில் வந்துவிடுகிறது. தெருவில் ரிடையரானவர்கள் அத்தனை பேர் போனிலும் அதைச் செய்துகொடுத்துவிட்டு, எனக்கும் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்.

“ரொம்ப சுலபம்டா. மேலே வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் பாரு.”

என்னுடையது ஐபோன். அந்தப் புள்ளிகள் கீழே இருந்தன.