கோட்டை இழுக்கலாமா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையில் நடுநடுவே பழஞ்சொற்களைச் செருகினால் எழுத்துக்கு மிடுக்கு வருமா?

பதில்: வரும், சரியாகச் செருகினால். 'டோ தி லைன்' என்பார்கள். கோட்டில் கால்விரலை வைத்து ஒழுங்காக நில், அதாவது சொன்னபடி கேள் என்று அர்த்தம். டி-ஓ-இ என்று எழுத வேண்டியதை டி-ஓ-டபிள்யூ என்று எழுதினால், கோட்டைக் கயிறு கட்டி இழுத்துப்போகிற கதையாகிவிடும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் பேசும்வரை பிழைத்துக்கொள்ளலாம். எழுதினால்தான் வண்டவாளம் தெரியும். ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே ஒரு கட்டுரையில் இந்தத் தப்பைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். தப்பு செய்தவர்கள் ஆங்கிலேயர்களே, ஆகவே நாம் ரொம்பக் கூச்சப்பட வேண்டாம்.

அச்சில் அடிக்கடி பார்த்துப் பழகிய உவமையை எழுதவே எழுதாதே என்பதும் அதே கட்டுரையில் அவர் போட்ட முதல் விதி. அது கொஞ்சம் கெடுபிடிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' விஷயத்தில் நான் ஆர்வெல் கட்சி. தேய்ந்த பேச்சுகளைக் கிண்டலடித்து ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே அந்த நாயும் பூனையும் இருக்கின்றன. 'ஹெவி ரெயின்' என்று எழுதுங்கள், குடை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.