பசி இல்லை, முறுக்கு இருக்கா?

கல்யாணப் பந்தியில் சாதம் வேண்டாம் என்று இலைக்குமேல் கையை நீட்டி மறிப்பவனைத் தமிழ்நாடு சும்மா விடுவதில்லை. சாதத்தோடு வந்தவர் நின்றுவிட்டார்.

“சுகரா சார்?” என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“இல்லீங்க, பேலியோ.”

அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. சுகராவது தெரிந்த வியாதி. “எப்ப இருந்து?” என்று கேட்டு, ஆறுதலாகக் கூடுதலாய் ஒரு கரண்டி கூட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

அரிசி, சர்க்கரை என்று மாவுச்சத்தைக் குறைத்து முட்டை, வெண்ணெய் என்று சாப்பிடும் இந்தப் பேலியோவில் எடை குறைந்ததைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. முதலில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்தால் தண்ணீரும் கிளம்பிவிடும். நான் அசந்துபோனது பசி விஷயத்தில். காலையில் இட்லியை ஒரு கட்டு கட்டிவிட்டு ஆபீஸ் போனால் பதினொரு மணிக்குக் கை நடுங்கும். ஃபைல் கொண்டுவருபவர் மேல் எரிந்து விழுவேன். அரிசி மாவு சட்டென்று சர்க்கரையாகி ரத்தத்தில் ஏற, இன்சுலின் வந்து இறக்கும். சிலருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிடும். முட்டையும் வெண்ணெயும் போன வயிற்றில் இந்த ஆட்டம் இல்லை. (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.)

பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கினால் தானாக ஆஜராகிவிடும். எடை குறைந்தால் இன்னும் அதிகமாகச் சுரந்து பழையபடி சாப்பிட வைக்கப் பார்க்கும். மாவுச்சத்தை நன்றாகக் குறைத்து உடம்பு கொழுப்பை எரித்து ஓடும் கீட்டோசிஸ் நிலையில் இருக்கும்வரை அந்தக் கூடுதல் சுரப்பு அடங்கியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கும் பதினொரு மணி வந்தது, பசி வரவில்லை. ஆனால் டீக்கடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்பது அங்கேதான் முதலில் தெரியும். சர்க்கரை இல்லாத டீயோடு, பஜ்ஜிக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன்.

மாவுச்சத்தைக் குறைப்பது புது வித்தையும் இல்லை. 1863-இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்துதருவது அவர் தொழில். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கியவர். காது மந்தம் என்று டாக்டரிடம் போனவருக்குத் தொப்பை கரைந்தது!

இந்த வழி அடக்காத ஒரு பசி உண்டு. நான் அதற்கு மேனேஜர் பசி என்று பெயர் வைத்திருக்கிறேன். மன உளைச்சல் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கேட்கும். முன்பெல்லாம் வயிற்றுப் பசியும் மேனேஜர் பசியும் ஜோடியாக வந்ததால் எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. இப்போது வயிறு வாயைத் திறப்பதில்லை, வாய்தான் நமநமக்கிறது. என் டென்ஷனில் பாதி இட்லியால் வந்தது, அது அரிசியோடு போயிற்று. மீதி, சம்பளத்தோடு வருவது.

அதற்குப் பாதாம் கொறிக்கலாம் என்பார்கள். ரிவியூ மீட்டிங் முடிவதற்குள் நூறு பாதாம் உள்ளே போய்விடும். அது கிட்டத்தட்ட 700 கலோரி. அதற்கு முறுக்கே தேவலை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றே என் மனைவி முறுக்கு டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். இந்த வீட்டில் நான் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதானாம்.

மார்ச் 31 இரவு, கணக்கு இன்னும் டேலி ஆகாமல் வீடு வந்து, முழங்கைவரை அரிசிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். சமையலறை விளக்கு எரிந்தது.

“பசிக்குதா?” என்றாள்.

“சத்தியமா இல்லை” என்றேன். அந்த வருஷக் கணக்கிலேயே அது ஒன்றுதான் சரியாக இருந்தது.