39,999 வரை கவலையில்லை

இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றின் படுகையில் சுமார் 2 கோடிக் கோழிகள் வளர்கின்றன. இன்னொரு கொட்டகை வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்தால், ‘ஞாயிற்றுக்கிழமை கோழி வறுவல் மட்டும் வேண்டுமோ?’ என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் கறி லாரியேறி நாடு முழுக்கப் போய்விடுகிறது. எச்சத்தில் பெரும்பங்கு நெடுங்காலம் உள்ளூரோடு தங்கிவந்தது. வயலில் கொட்டிய எருவின் பாஸ்பேட் மழையோடு ஆற்றில் இறங்க, பாசி பெருகித் தண்ணீர் கீரைக் கடைசலாகிறது. வெள்ளைப் பூப் பூக்கும் நீர்க்கொடிகள் வெளிச்சமின்றிச் சாகின்றன. ஆற்றின் நலம் சரிந்துவருவதாக 2023-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே ஒப்புக்கொண்டது. சட்டம் இல்லாமலா? இருக்கிறது: ஒரு பண்ணை 40,000 பறவைகளைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் உரிமம் தேவை. 39,999 கோழிகளின் எச்சத்துக்கு அவ்வளவு ஒழுக்கம் போலும்! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பண்ணையின் பங்கும் அற்பம்தான். கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் ஆற்றுக்கு.