பெரியம்மாவுக்கு ஒரு மயில்

சேலைக்கு டிசைன் போட்டே தலை நரைத்தவள் நான். வேலையில் இருந்தவரை கேட்டவர்களுக்குக் கேட்டதைப் போட்டேன். அன்னம், யாளி, கோபுரம், ருத்ராட்சம். கல்யாண சீசன் வந்தால் மயில், மயிலுக்கு மேல் மயில். ஓய்வு பெற்றதும் எனக்குப் பிடித்ததை மட்டும் போடுவது என்று தீர்மானம். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையார்பாளையத்துப் பழைய வீட்டை விற்கப் பங்காளிகள் பேச்செடுத்தார்கள். மூலப்பத்திரத்தைத் தேடிப் பரணில் ஏறினேன். பத்திரத்தோடு குடும்ப வரலாறும் சேர்ந்து கீழே வந்துவிட்டது.

இப்போது என் மேஜைக்கு இரண்டு முதலாளி. இடது பக்கம் கிராஃப் தாள், சிவப்பு மை, பிரஷ். வலது பக்கம் பத்திரங்கள், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு. நடுவில் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போகும் காபி. எந்தப் பக்கம் கொட்டினாலும் நஷ்டம் எனக்குத்தான். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? வம்சத்தையே ஒரு முந்தியாகப் போட்டுவிடுவது. தலைக்கு ஒரு புட்டா. நெய்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டுவது. "யாரையாவது விட்டுட்டா சண்டைக்கு வருவாங்க. சேத்தாலும் வருவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

நெசவு செய்யும் எங்கள் கைக்கோளர் குலத்துக்கு ஆரம்பம் என்னவோ சுலபம். முருகனுக்குத் துணை நின்ற நவவீரர் வழி என்பார்கள், வீரபாகுவிலிருந்து தொடங்கிவிடலாம். பிறகு ஒட்டக்கூத்தர் வருகிறார். எங்களைப் பாடுவதற்குப் பரிசாகத் தலைகளைக் கேட்டார், நாங்களும் வெட்டிக் கொடுத்தோம், அப்புறம் அவரே இன்னொன்று பாடி ஒட்டவைத்தார் என்று கதை. முதல் பாட்டு ஈட்டி எழுபது, இரண்டாவது எழுப்பெழுபது. அடுத்து விஜயநகர காலம். காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்குத் தண்டும் சங்கும் உண்டு என்று கல்வெட்டே சொல்கிறது. அதாவது பல்லக்கில் போகலாம், முன்னால் சங்கு ஊதலாம். (அந்த வம்சத்துப் பெண் இன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகிறேன். முன்னால் ஹாரன் ஊதுகிறது.) அதற்குப் பிறகு நேராக என் கொள்ளுத்தாத்தா. வீரபாகுவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பேர்கூடக் கிடைக்கவில்லை.

அவரும் கிடைத்தது கடனில்தான். முதலாளியிடம் தறிக்கு வாங்கிய முன்பணம், பட்டு வாங்கிய பாக்கி, கூலியில் கழித்தது எல்லாம் நோட்டில் அணா பைசா சுத்தமாக இருக்கிறது. பிறந்த தேதியை எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வயது கேட்டால் ஊர்க் கணக்குதான். "அண்ணா செத்த வருஷம் நீ கைக்குழந்தை" என்றால் 1969. அண்ணா என்றதும் இன்னொன்று. 1909இல் இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர் என்பதால் அவர் எங்களுக்கு உறவு என்பதில் சித்தப்பாக்களுக்குச் சந்தேகமே இல்லை. எப்படி உறவு என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஆதாரம் கேட்டால், "எங்க மூக்கைப் பாரேன்" என்கிறார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். வாங்குகிற பத்திரத்தில் அவர்கள் பேர் இல்லை. விற்கிற பத்திரத்தில் மட்டும் வருகிறது, கையெழுத்து வேண்டுமே. பாட்டிகளின் கல்யாணச் சேலைகளாவது சாட்சி சொல்லும் என்று பார்த்தால், அவற்றைத் தெருவில் கூவிக்கொண்டு வந்த பழைய பட்டு வியாபாரியிடம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அவன் அதை எரித்து ஜரிகையிலிருந்த வெள்ளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரே ஒரு முந்தித் துண்டு தப்பியது, அதுவும் சாமி படத்துக்குப் பின்னால் கரப்பான் வராமல் அடைத்திருந்ததால். தாழம்பூ ரேக்கு, நடுவில் வைர ஊசி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அதை எடுத்துட்டியா? ராத்திரி கரப்பான் வரும்" என்றாள் அத்தை.

டிசைனுக்கு வருகிறேன். ஏகாம்பரம் பெற்றது ஆறுமுகம், ஆறுமுகம் பெற்றது ஏகாம்பரம் என்று தாத்தா பேர் பேரனுக்கு வந்துகொண்டே இருப்பதால், பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ரிப்பீட் போட்டால் போதுமே. சிக்கல் கல்யாணங்களில் இருந்தது. டிசைனைத் தறியில் ஏற்றும் ஜக்காடு நேர்மையான யந்திரம். 1804இல் லியோன் நகரத்து ஜக்கார் செய்து வைத்த ஏற்பாடு. கிராஃபில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மேலே, கீழே, இரண்டே நிலைதான் அதற்குத் தெரியும். எங்கள் பெரிய தாத்தாவோ அக்காள் மகளைக் கட்டியவர். அந்த அம்மாள் கொள்ளுப்பாட்டிக்குப் பேத்தியா, மருமகளா? இரண்டும்தான். ஒரே கட்டத்தில் தூக்கவும் வேண்டும், தூக்காமலும் இருக்கவேண்டும். 1890இல் அமெரிக்கா தன் மக்கள்தொகையையே ஓட்டை போட்ட அட்டையை வைத்துத்தான் எண்ணி முடித்தது என்பார்கள். முடிக்காமல் என்ன? அங்கே அக்காள் மகளைக் கட்டுகிறார்களா?

விஷயம் வெளியே கசிந்ததும் வீட்டுக்கு வரத்துப் போக்கு அதிகமாகிவிட்டது. யாரும் வம்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "எனக்கு என்னா புட்டா?" என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்கு மயில் என்றேன். சின்ன ஓரகத்திக்கு என்ன என்றாள். அவளுக்கும் மயில்தான் என்றேன். "அப்ப எனக்கு ரெட்டை மயிலாப் போடு." சித்தப்பா ஒருவர் தனக்கு யாளி வேண்டும், ஆனால் பல் தெரியக்கூடாது என்றார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அத்தைகள், தங்கள் புட்டாக்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டவேண்டும் என்று தனித்தனியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

இதற்கிடையில் நோட்டில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. மாசா மாசம் 'அய்யம்பேட்டைக்கு அரிசி'. கடன் தலைக்கு மேல் நின்ற மாதத்திலும் அது மட்டும் நிற்கவில்லை. கேட்டதற்கு, "அங்க நமக்குத் தறி ஓடுச்சு" என்றார்கள். தறி அரிசி தின்னுமா? கொஞ்ச நாளில் அய்யம்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், வீடு விற்கும் சேதி கேட்டு வந்து வாசலில் நின்றார். பங்கு கேட்க வரவில்லை, விற்பதற்கு முன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். அறிமுகமே தேவைப்படவில்லை. எங்கள் மூக்கு அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது. சித்தப்பாக்கள் முதல்முறையாக மூக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் கூடத்தில் பஞ்சாயத்து. கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் குடும்பத்தை முந்தியில் சேர்ப்பதா, கூடாதா? கடைசியில் பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்: "போட்டுக்கோ. ஆனா உடம்புல வாணாம், கரையில போடு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் இடித்தது. பெரியம்மா சின்ன வயதில் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளியவள். கரைக்குத் தனி நாடா, தனி ஆள் வேண்டும், ஜரிகையெல்லாம் கொட்டி நெய்வதும் அங்கேதான் என்பது அவளுக்குத் தெரியாதா? எல்லோரும் போன பிறகு, "ஏன் பெரியம்மா, ஒதுக்கி வைக்கச் சொன்னியா, ஜரிகையில வைக்கச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல என் மயிலுக்குக் கொண்டை எங்கடி?" என்றாள்.