ஓதற்பிரிவும் ஊறுகாய் பாட்டிலும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தலைவன் ஊரைவிட்டுப் பிரிவதற்கான காரணங்களில் கல்வியையும் ஒன்றாகச் சேர்த்த தொல்காப்பியம், அதற்கு மூன்றாண்டு உச்சவரம்பும் விதித்தது. ஆனால் போகிறவன் பெட்டியில் என்ன இருக்கலாம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது பற்றி நூலில் ஒரு சொல் இல்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும்கூட அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்றும் அந்நூல் சொல்கிறது. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவ மாணவியரைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் இக்காலத்தில், அச்சூத்திரம் வழக்கொழிந்ததெனக் கொள்க.

ஆய்வுக் களம் காஞ்சிபுரம். படிக்கப் போவதிலும் வருவதிலும் இந்த ஊருக்கு முன் அனுபவம் அதிகம். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற மாணவர் கர்நாடகத்துத் தாளகுந்தாவிலிருந்து காஞ்சிக் கடிகை என்ற கல்விச்சாலைக்குப் படிக்க வந்தார். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. படிப்பை அப்படியே விட்டு, வாளெடுத்துக் கதம்ப அரசை நிறுவினார் என்கிறது தாளகுந்தாக் கல்வெட்டு. குரு வீரசர்மர் கூடவே வந்திருந்தார். பொறுப்பாசிரியர் உடன் வருவதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது என்பது இதனால் பெறப்படும். காஞ்சி அமைச்சர் மகன் தர்மபாலரோ கல்யாணத்துக்கு முந்தைய இரவில் வீட்டைவிட்டுக் கிளம்பித் துறவியாகி, பிற்பாடு நாளந்தாவுக்கே தலைவரானார். அவர் பெட்டி கட்டியதாகச் சான்று இல்லை.

கச்சிதமாகத் தயாராகிப் போனவள் மணிமேகலை ஒருத்திதான். வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் பறக்க ஒன்று, பசி தீர ஒன்று என மூன்று மந்திரங்கள் அவளிடம் இருந்தன. பல ஊர் சுற்றிப் பல சமயத்தாரிடம் பாடம் கேட்டுக் கடைசியில் காஞ்சிக்குத்தான் வந்து சேர்ந்தாள். இன்றைய மாணவருக்கு வேண்டியவையும் அதே மூன்றுதான்: பாஸ்போர்ட், டிக்கெட், சாப்பாடு.

வேற்றுருவைப் பாஸ்போர்ட் போட்டோவே தந்துவிடுகிறது. சிக்கல் பெயரில். பள்ளிப் பதிவேட்டில் முன்னால் நின்ற இனிஷியல் பாஸ்போர்ட்டில் செல்லாது. விரித்து எழுத வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் குழித்தறிக்குப் பக்கத்தில் ஆதார், பிறப்புச் சான்று, பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழி எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நடக்கும் வாதம் எந்தப் பட்டிமன்றத்துக்கும் குறைந்ததல்ல. இது வெட்டி வாதமும் அல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்வந்தது 2022 நவம்பரில். அதே மாதம் 21ஆம் தேதி முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா இல்லை என்றது அந்த நாடு. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு இறங்கிவந்தது.

பறப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. விமானம் பறக்கும், அதைப் பிடிக்கப் போகும் வேன் ஸ்ரீபெரும்புதூரில் நிற்கும்.

பசி விஷயத்தில் அறிஞர்கள் இரு கட்சி. பாட்டிமார் கட்சிக்கு இட்லியே பிரமாணம். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி சாதாரண இட்லி அல்ல. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் வேகவைப்பார்கள். ஆறிய பிறகு வட்டமாக அரிந்தால் இலை மணமும் சுக்குக் காரமும் சேர்ந்து வரும். சட்டென்று கெடாது. அதனால் வழிப்பயணத்துக்கென்றே பிறந்தது என்பது இக்கட்சியின் துணிபு. தாய்மார் கட்சி ஊறுகாயைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் மிதக்கும் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் அது நின்றுவிடும், பிள்ளை மட்டும் உள்ளே போகும். கொப்பரைக்குப் பெரிய பெட்டியிலும் இடமில்லை. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்ற அச்சம். குருமாப் பொடியில் கசகசா சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வருவதால், சமையலறைச் சாமான் சிறை வரை கொண்டுபோய்விடும்.

பெட்டியில் மிச்சமுள்ள இடத்தில், அங்கே யாருக்காவது கொடுக்கவென்று ஒரு பட்டுப்புடவை ஏறும். கனத்த ஜரிகை என்றால் ஒரு கிலோ காலி. பிறகுதான் புத்தகம். கல்விப் பயணத்தில் புத்தகம் கடைசியாகவே ஏறுகிறது, முதலில் இறங்குவதும் அதுவே என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

பெட்டியைவிடக் கேள்வியைப் பெரிதாக நினைத்தவர் என்று எதிர்ச்சான்று ஒன்று உண்டு. கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீன மாணவர் யுவான் சுவாங், இங்கிருந்து இலங்கைக்குப் போய்ப் பாடம் கேட்க நினைத்திருந்தார். அதற்குள் இலங்கைத் துறவிகளே இங்கு வந்துவிட்டார்கள்: அங்கே அரசர் இறந்துவிட்டார், பஞ்சம். யுவான் சுவாங் யோகாசார நூல்களில் தமக்கிருந்த ஐயங்களை அவர்களிடமே கேட்டார். நாளந்தாவில் சீலபத்திரர் சொல்லிக்கொடுத்ததைவிட மேலாக அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இலங்கைப் பயணத்தை அத்தோடு விட்டார். அந்தச் சீலபத்திரர் நம் ஊர்த் தர்மபாலரின் மாணவர்.

கேள்வியோடு வந்தவருக்கும் லக்கேஜ் தொல்லை இல்லாமலில்லை. 657 நூல்களோடு 645இல் சீனா போய்ச் சேர்ந்தார். ஆனால் வழியில் சிந்து நதியில் படகு ஆடியதில் ஐம்பது சுவடிகள் போயின. பூ விதை வைத்திருந்தீரா என்று கேட்டார் கபிச நாட்டு அரசர். ஆமாம் என்றார் யுவான் சுவாங். அதுதான் காரணம், விதை கொண்டுபோகிறவர்களுக்கு இந்த ஆற்றில் எப்போதும் இப்படித்தான் ஆகும் என்றார் அரசர். பிற்பாடு இந்தியத் துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தொலைந்த நூல்களின் பட்டியலை இணைத்து, வாய்ப்புக் கிடைத்தால் அனுப்பிவைக்கும்படி கேட்டார் யுவான் சுவாங்.