ரெய்ஸ் மகானுபாவர்

லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றியுள்ள கார்டீனா, காமர்ஸ், பெல் கார்டன்ஸ் முதலிய ஊர்களின் சீட்டாட்ட விடுதிகளில், பட்டப்பகலிலும் விளக்கு எரியும் அந்தக் கூடங்களில், 4 டாலர்–8 டாலர் லிமிட் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்ட மேசை எதை அணுகினாலும் அங்கே ஒரு மகானுபாவர் வீற்றிருப்பார். தமக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை விரலால் நிமிர்த்திப் பார்ப்பதற்கு முன்பே 'ரெய்ஸ்', அதாவது 'பந்தயத்தை உயர்த்துகிறேன்', என்னும் கோஷம் அவர் வாயிலிருந்து புறப்பட்டுவிடும்.

இந்த ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றுகளுக்குப் பந்தயம் 4 டாலர், பின்னிரண்டுக்கு 8 டாலர். ஒரு பந்தயமும் மூன்று உயர்த்தல்களும் ஆனால் அந்தச் சுற்றின் கதவு சாத்தப்படும் என்பது பல விடுதிகளின் விதி. ஆகவே, ஆஸ்தி முழுவதையும் ஒரே மூச்சில் நடுவே தள்ளி எதிரிகளை நடுங்கவைக்கும் வீரத்துக்கு இங்கே இடமில்லை. மனிதருடைய ரௌத்திரம் எவ்வளவு பிரம்மாண்டமானதாயினும் நான்கு நான்கு டாலராகத் தவணை கட்டித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குச் சாஸ்திரம் தெரியாதென்று எண்ணிவிடலாகாது. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் நூல்களைக் கரைத்துக் குடித்தவர். நல்ல கைக்குப் பணம் சேர்க்க உயர்த்தலாம், கூட்டத்தைக் குறைக்க உயர்த்தலாம், அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கவும் உயர்த்தலாம் என்று எல்லாக் காரணங்களும் அவருக்கு மனப்பாடம். காரியம் முந்தி, காரணம் பிந்தி என்பது மட்டுமே அவரது விசேஷம். ஜயித்தால் முதற்காரணம், தோற்றால் இரண்டாவது.

கையில் இரண்டு ஆட்டின், மேசையில் விரித்த மூன்றில் இரண்டு ஆட்டின் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆட்டின் சேர்ந்தால் கை பலத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் 9 ஆட்டின் அவருக்கு அனுகூலம்; இனி வரும் இரண்டு சீட்டுகளுக்குள் அவற்றில் ஒன்று வந்து சேர நூற்றுக்கு ஏறத்தாழ 35 வாய்ப்பு உண்டு. மூவர் தொடர்ந்து வந்தால் இவர் போடுவது கால் பங்கு, எதிர்பார்ப்பது அதற்கு மேல், உயர்த்துவது தர்மமே. ஒருவரே எதிரில் இருந்தாலும் அதே உற்சாகத்தோடு இவர் உயர்த்துவது ஆளெண்ணிப் பார்க்காத சமதிருஷ்டி.

அந்த இலவசச் சீட்டு விவகாரம்தான் ரசமானது. கடைசி ஆசனத்திலிருந்து 4 டாலர் சுற்றில் உயர்த்தினால், அஞ்சியவர்கள் 8 டாலர் சுற்றில் பந்தயம் கட்டாமல் முறையை இவரிடமே விட்டுவிடுவார்கள்; இவரும் சும்மா இருந்தால் கூடுதலாகப் போட்ட 4 டாலருக்கு 8 டாலர் மிச்சம். உபாயம் இம்மியும் பிசகாமல் பலிக்கும். மேசை முழுதும் மௌனமாக இவர் முகத்தையே நோக்கும். இத்தனை பேர் பார்த்திருக்கச் சும்மா இருப்பதாவது! 8 டாலரை எடுத்துப் போட்டுவிடுவார்.

2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஏறக்குறையத் தீர்க்கப்பட்டுவிட்டது என்று அறிவித்து, 'செஃபியஸ்' என்ற கணினி நிரலை வெளியிட்டார்கள். அது சீட்டுப் போடும் ஸ்தானத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது உயர்த்தும் அல்லது சீட்டை எறியும். உயர்த்தாமல், எதிரி போட்ட அளவுக்கு மட்டும் பணம் போட்டு வெறுமனே சமன் செய்வது அபூர்வத்திலும் அபூர்வம். இச்செய்தியைப் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் மகானுபாவர் உபதேசித்தாயிற்று. அதே நிரல், அதே ஸ்தானத்தில், முதற்சுற்றின் கடைசி உயர்த்தலை இரண்டு ஏஸ் கையிலிருந்தாலும் ஏறக்குறையச் செய்வதேயில்லை என்ற செய்தி அவர் படித்த பிரதியில் அச்சாகவில்லை போலும். எனினும், சமன் செய்து சமன் செய்தே மெல்லத் தேய்ந்துபோகும் சாதுக்களைவிட இவர் ஒரு படி மேல் என்பதே என் கட்சி.

எதிர்ப்புறம், காலையிலிருந்து ஒருமுறைகூட உயர்த்தாத ஒரு கிழவி. அவள் திடீரென்று 'ரெய்ஸ்' என்கிறாள். மேசையே சீட்டுகளை எறிந்துவிட்டு நாற்காலியில் சாய்கிறது. இவர் ஒருவர் மட்டும் உயர்த்துகிறார், அவள் உயர்த்துகிறாள், கதவு சாத்தப்படுகிறது. அடுத்த சுற்றுகளிலும் விதி அனுமதித்த அளவுக்கு இதே வைபவம். முடிவில் கிழவி இரண்டு ஏஸ்களைத் திருப்பிவைத்துச் சில்லுகளை வாரிக்கொள்கிறாள். மகானுபாவர் பக்கத்து ஆசாமியிடம் குனிந்து, "எந்த நேரத்தில் உயர்த்துவது என்ற விவஸ்தையே இந்த அம்மாளுக்கு இல்லை, கவனித்தீர்களா?" என்கிறார்.